அண்ணி வந்த வெயில்காலம்

ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டரிலிருந்து தரை துடைக்கிறவர் வரை எல்லோருக்கும் அவள் எக்ஸ்ரே அக்காதான். முப்பத்தொரு வருடம் ஜன்னலே இல்லாத ஓர் அறையில் நின்று, "மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க, ம், விடலாம்" என்று சொல்லிச் சொல்லியே வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன் குடும்பத்தோடு இருந்தாள். அண்ணன் இறந்துபோன பிறகு, அண்ணியும் அவளுமாக அதே மூன்றாவது மாடி வீட்டில் ஒன்பது வருடம் ஓடிவிட்டது.

அந்த ஊரில் வருடத்தில் ஏழு மாதம் குளிர். மண் கல்லாக இறுகிக் கிடக்கும். அக்காவுக்கோ செடி என்றால் உயிர். பால்கனியில் தொட்டி, படுக்கையறை ஜன்னலில் தொட்டி, அது போதாமல் குளியலறையில் ட்யூப்லைட்டைத் தாழ்வாகக் கட்டி அதற்கடியிலும் தொட்டி. அண்ணி குளிக்க வேண்டுமென்றால் முதலில் பதினேழு தொட்டிகளை எடுத்து வெளியே வைக்க வேண்டும்.

"குளிக்கப் போறேனா, காட்டுக்குள்ள போறேனான்னே தெரியல" என்பாள் அண்ணி. ஆனால் ஒரு தொட்டியைக்கூட இடம் மாற்றி வைத்ததில்லை.

அண்ணிக்குக் கீழ்த்தளத்தில் ஒரு தையல் கடை. புதுத்துணி எதுவும் தைப்பதில்லை, கோட்டு வேலை மட்டும்தான். ஜிப் போய்விட்டது, உள்துணி கிழிந்துவிட்டது, இடுப்பைப் பிரித்துவிட வேண்டும் என்று ஊரே அவளிடம் வரும். வாய் நிறையக் குண்டூசியைக் கடித்துக்கொண்டே ஊர்க்கதை முழுவதையும் பேசுவாள். ஓர் ஊசியும் விழாது.

அக்கா ஓய்வு பெற்ற வருடம் பால்கனித் தக்காளி என்றுமில்லாதபடி காய்த்தது. இன்னும் நாலு நாள் வெயில் கிடைத்தால் பழுத்துவிடும். அதற்குள் உறைபனி ஒரு வாரம் முன்னதாக வந்துவிட்டது. செய்தியில் கேட்டதும் அக்கா கடைக்கு ஓடி, கையில் கிடைத்த மூன்று கோட்டுகளைக் கொண்டுவந்து செடிகளுக்குப் போர்த்தினாள். காலையில் எடுத்துப் பார்த்தால் கோட்டுகள் விறைத்து நின்றன. உள்ளே செடிகள் வேகவைத்த கீரை மாதிரி கறுத்துத் தொங்கின.

"அது பேங்க் மேனேஜர் கோட்டுடி!" என்று அண்ணி தலையில் கை வைத்தாள்.

அக்கா ஒரு காயைப் பறித்து அமுக்கிப் பார்த்தாள். தண்ணீராகக் கையில் வழிந்தது. துடைத்துக்கொண்டு சொன்னாள்: "அண்ணி, நான் வெயில் ஊருக்குப் போகப் போறேன்."

"எத்தனை நாளைக்கு?"

"ஒரேயடியாத்தான்."

அண்ணி கோட்டுகளை உதறிக் கொடியில் போட்டுவிட்டுத்தான் திரும்பினாள். "போய்?"

"தோட்டம் போடப் போறேன். தரையில, தொட்டியில இல்ல. நீங்களும் வாங்க."

"அங்க கோட்டைத் தூக்கிட்டு எவ வருவா என்கிட்ட? அதோட எனக்கு நின்னா வேர்க்கும், உக்காந்தா வேர்க்கும். நான் வரல. நீ போறதை வேண்டாம்னும் சொல்லல."

"ஒரே வருஷம் அண்ணி. தோட்டத்தைப் பாத்தா நீங்களே கடையைச் சாத்திட்டு வந்துருவீங்க."

"பாக்கலாம், பாக்கலாம்" என்று அண்ணி ஊசிகளை வாயில் போட்டுக்கொண்டாள். அதற்குமேல் அந்தப் பேச்சை அவளிடம் எடுக்க முடியாது.

குளிர் விட்ட முதல் வாரத்தில் அக்கா கிளம்பினாள். ஒன்றரை நாள் ரயில் பயணம். இரண்டு பெட்டியில் ஒன்று துணி, ஒன்று விதை. தெருவின் கடைசி வீடு கிடைத்திருந்தது. இரண்டு அறை, கம்பி போட்ட ஜன்னல்கள், கதவைத் திறந்தால் நேராகப் பின்பக்கம் நாற்பதடிக்கு இருபதடி வெறும் மண். போன அன்றைக்கே செருப்பைக் கழற்றிவிட்டு அந்த மண்ணில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். குளியலறையில் ஒரு தொட்டியும் இல்லாததைப் பார்த்து அவளுக்கே சிரிப்பு வந்தது.

மறுநாளே கொத்த ஆரம்பித்தாள். பழைய ஊரில் குளிர் விட்டதும் விதைப்பது வழக்கம். அதே கணக்கில் பட்டாணி, முட்டைக்கோஸ், கீரை, தக்காளி, கத்திரி, பீன்ஸ், சுரை எல்லாவற்றையும் பாத்தி பிடித்துப் போட்டாள்.

பக்கத்து வீட்டில் டைல்ஸ் ஒட்டுகிற ஒருவர் இருந்தார். விடிகிறபோதே கல் அறுக்கிற மெஷினை வண்டியில் கட்டிக்கொண்டு போவார், உச்சிவெயிலுக்கு முன் திரும்பிவிடுவார். அக்கா ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவள் என்று தெரிந்ததிலிருந்து அவருக்கு அவள் டாக்டரம்மா. "டாக்டர் இல்ல தம்பி, எக்ஸ்ரே" என்று இரண்டு முறை திருத்திப் பார்த்துவிட்டு அக்கா விட்டுவிட்டாள்.

மதிலுக்கு மேல் தலை நீட்டி அவர் பாத்திகளைப் பார்த்தார். "டாக்டரம்மா, இப்பப் போய் விதைக்கிறீங்க?"

"பின்ன எப்ப விதைக்கிறது?"

"இனிமே வெயிலு வருமேம்மா."

"அதுக்குத்தானே தம்பி வந்திருக்கேன்" என்றாள் அக்கா. முப்பது வருடமாகச் செடி வளர்க்கிறவளுக்கு டைல்ஸ்காரர் பாடம் எடுக்கிறாராம் என்று மனதுக்குள் ஒரு சின்ன எரிச்சல். அவர் வீட்டுக் கூரையில் ஒரு பூசணிக்கொடி படர்ந்து கிடந்தது. யார் நட்டது என்று கேட்டதற்கு, "யாரும் நடல, அதுவா வந்துச்சு" என்றார். அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது.

மூன்றாம் நாள் முளை விட்டது. பழைய ஊரில் பன்னிரண்டு நாள் பிடிக்கும். அக்கா தரையோடு தரையாகப் படுத்துப் படம் எடுத்து அனுப்பினாள். "அண்ணி, மூணே நாள்!" அண்ணி உடனே கூப்பிட்டாள். "பாத்துடி, நீ தூங்குற நேரம் கட்டில்ல ஏறிடப் போகுது."

பிறகு வெயில் வந்தது.

வெயில் என்றால் இதமாக முதுகில் படுவது என்றுதான் அக்கா நினைத்திருந்தாள். இது தலையில் அடித்தது. பட்டாணி கீழிருந்து மேலாக மஞ்சளாகிக் காய்ந்தது. முட்டைக்கோஸ் இலைகள் குவியவே இல்லை, விரித்த கை மாதிரி மல்லாந்து கிடந்தன. கீரை சாண் உயரம் வருவதற்குள் பூத்துக் கசந்தது. தக்காளி பூத்தது, பூத்த வேகத்தில் காம்போடு உதிர்ந்தது. மூன்று வேளை தண்ணீர் விட்டாள். குழாயைத் திறந்தால் முதல் ஐந்து நிமிடம் வெந்நீர்தான் வந்தது. பத்து மணிக்கெல்லாம் ஜன்னல்களைச் சாத்தித் திரைச்சீலையை இழுத்துவிட்டு, மின்விசிறிக்கு அடியில் உட்கார வேண்டியதாயிற்று. பழைய ஊரில் குளிருக்காகச் சாத்தியிருந்த ஜன்னல். இங்கே வெயிலுக்காக.

ஒன்றரை மாதத்தில் நாற்பதடிக்கு இருபதடியில் பச்சை என்று சொல்ல ஏழெட்டுச் செடிதான் மிஞ்சியது.

அண்ணி தினமும் கடையைச் சாத்துகிற நேரத்துக்குக் கூப்பிடுவாள். அன்றைக்கும் கூப்பிட்டாள். "என்ன, காய்ச்சுதா?"

"காய்ச்சுது அண்ணி." ஏன் அப்படிச் சொன்னாள் என்று அக்காவுக்கே தெரியவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"அப்படியா! படம் போடு, பாப்போம்."

"இப்ப வெளிச்சம் இல்ல. நாளைக்குப் போடுறேன்."

மறுநாள் காலையில் பையை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போனாள். கத்திரிக்காயை ஒவ்வொன்றாக எடுத்துக் காம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். காய்காரம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "என்னக்கா, நகையா வாங்குறீங்க?" என்றாள். அக்கா நாலு கத்திரிக்காய், ஒரு கட்டு பீன்ஸ், ஒரு சுரைக்காய் வாங்கிவந்து, பிழைத்திருந்த இலைகளுக்கு நடுவே வைத்து, மேலே கொஞ்சம் மண் தூவிப் படம் எடுத்தாள்.

அண்ணியிடமிருந்து, "ம். நல்லா இருக்கு" என்று மட்டும் பதில் வந்தது.

ஒரு பொய் சொன்னால் அதற்குத் தீனி போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு நாளைக்கு ஒருமுறை சந்தை, இரண்டு நாளைக்கு ஒரு படம். ஃப்ரிட்ஜ் நிரம்பி வழிந்தது. ஒருநாள் சுரைக்காயை மதிலோரம் சாய்த்து, குனிந்து நிமிர்ந்து படம் எடுத்துக்கொண்டிருந்தபோது மேலேயிருந்து குரல் கேட்டது. டைல்ஸ்காரர் பூசணி பறிக்கக் கூரையில் ஏறியிருந்தார்.

"டாக்டரம்மா, அந்தப் பக்கம் நிழல் அடிக்குது. காயை இப்படித் திருப்பி வைங்க."

அக்காவுக்கு அந்த மண்ணுக்குள்ளேயே போய்விடலாம் போல இருந்தது. அவர் வேறெதுவும் கேட்கவில்லை. பூசணியைத் தோளில் வைத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

அடுத்த வாரம் அண்ணி போனில் ஒரு சேதி சொன்னாள். "கோட்டு வேலை எல்லாம் முடிஞ்சுபோச்சு. இனி குளிர் வந்தாத்தான் ஆள் வரும். கடையை மூணு வாரம் சாத்துறேன். வெள்ளிக்கிழமை காலையில அங்க இறங்குறேன்."

"இந்த வெயில்லயா? உங்களுக்கு வேர்க்குமே அண்ணி!"

"வேர்த்தாத் துடைச்சுக்கறேன். டிக்கெட் எடுத்தாச்சு."

வெள்ளிக்கு மூன்று நாள் இருந்தது. கடைசியில் அக்கா வெட்கத்தை விட்டு மதிலருகே போய் டைல்ஸ்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் சிரிக்காமல் கேட்டுவிட்டு, தாடையைச் சொறிந்தார்.

"காயை நூல் வெச்சுக் கட்டிடலாம்மா. ஒரு நாள் தாங்கும்."

"மூணு வாரம் இருக்கப் போறாங்க தம்பி."

"அப்போ தினமும் கட்டணும்" என்றார் அவர். இப்போது சிரித்துவிட்டார்.

சாயங்காலம் அக்கா ஒரு கத்திரிக்காயை எடுத்து, காய்ந்த தக்காளிக் குச்சியில் வெள்ளை நூலால் கட்டிப் பார்த்தாள். தக்காளிச் செடியில் கத்திரிக்காய் தொங்கிற்று. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அவிழ்த்து எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வருவது வரட்டும்.

வெள்ளிக்கிழமை ரயிலிலிருந்து அண்ணி கையில் மெல்லிய கோட்டு ஒன்றோடு இறங்கினாள். நெற்றியெல்லாம் முத்து முத்தாக வேர்வை. "ஊரா இது, அடுப்பா?" என்பதுதான் முதல் வார்த்தை. வழியெல்லாம் ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த பெண்மணியின் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தாள். தோட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் பையைக்கூட வைக்காமல், இரண்டு அறையையும் தாண்டி நேராகப் பின்கதவைத் திறந்தாள்.

வெடித்த பாத்திகள். வரிசை வரிசையாகக் காய்ந்த குச்சிகள்.

"அண்ணி, நான் வந்து..." என்று அக்கா ஆரம்பித்தாள்.

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"அந்த முதல் படத்துலயே தெரியும். பீன்ஸ்ல ரப்பர் பேண்ட் அழுத்தின தடம். கத்திரிக்காய்க் காம்பு வெட்டின இடம் காஞ்சு கறுத்திருந்துச்சு. சுரைக்காய்ல எடை போட்டு எழுதின சாக்பீஸ் நம்பர். ஏண்டி, நாள் முழுக்கச் சாக்பீஸ்ல கோடு போடுறவ நான். எனக்கே சாக்பீஸா?" என்று மேல்துணியால் கழுத்தைத் துடைத்தாள். "முப்பது வருஷம் படம் எடுத்தவ நீ. ஒரு பொய்ப் படம் உருப்படியா எடுக்கத் தெரியலையே."

அக்காவுக்குக் காது சுட்டது. "தெரிஞ்சுமா ஒண்ணும் சொல்லல?"

"போன்ல சொன்னா நீ இன்னொரு பொய் சொல்லுவ. அதான் நேர்ல வந்தேன். பொய் சொல்ற ஆளு இல்ல நீ. நீயே சொல்றன்னா என்னமோ சரியில்லன்னுதானே அர்த்தம்."

அக்கா படியில் உட்கார்ந்துவிட்டாள். "உங்களைத் தனியா விட்டுட்டு வந்தேன் அண்ணி. எதுக்காக வந்தேனோ அதுவும் இல்லன்னா, என்ன மூஞ்சிய வெச்சுட்டு உங்ககிட்டப் பேசுறது? ஏதாவது ஒண்ணு காட்டணும்ல?"

"நான் தனியா இருக்கேன்னு யார் சொன்னா? கடையில நாள் முழுக்க ஆளு, பேசிப் பேசித் தொண்டை கட்டிக்குது." அண்ணியும் பக்கத்தில் உட்கார்ந்தாள். படி சுட்டதால் எழுந்து, கையிலிருந்த கோட்டை விரித்துப் போட்டு மறுபடி உட்கார்ந்தாள். "சாயங்காலம் மேல ஏறி வந்தாத்தான் கொஞ்சம்... சரி, அதை விடு. திரும்பி வர்றியா?"

"இல்ல அண்ணி. இன்னொரு தடவை போட்டுப் பாக்கணும்."

"அப்போ எந்திரி. காஞ்சதை எல்லாம் பிடுங்கு முதல்ல. பாக்கவே கண்றாவியா இருக்கு."

அன்று மதியம் மதிலுக்கு மேல் டைல்ஸ்காரரின் தலை தெரிந்தபோது, அண்ணி நேராகவே கேட்டாள். "இந்த ஊர்ல எப்பங்க விதைப்பாங்க?"

"வெயிலு குறைஞ்ச பிறகும்மா. அப்பப் போட்டா அவங்க பட்டாணி, கோஸ் எல்லாம் வரும். இப்பப் போடணும்னா வெண்டை, சுரை, காராமணி. அதுவும் மேல நிழல் இருந்தாத்தான்."

"இதை இவகிட்டச் சொல்லலையா நீங்க?"

"சொன்னேனே" என்றார். அக்கா தரையைப் பார்த்தாள்.

நிழல் என்றதும் அண்ணியின் கண் மாறிவிட்டது. கடைக்குப் போய்ப் பச்சை நிழல்வலை பார்த்தார்கள். ஆறடி அகலத்துக்கு மேல் கிடைக்கவில்லை. கடைக்காரர் பட்டை பட்டையாக விரித்துக் கம்பியில் கட்டச் சொன்னார். "நடுவுல சந்து விழும். காத்தடிச்சாக் கிழியும்" என்று அண்ணி தலையாட்டிவிட்டு, மூன்று பட்டைகளை வாங்கிவந்து வீட்டுத் தரையில் விரித்தாள். மெஷின் இல்லை. கோட்டுக்குப் போடுகிற தடித்த ஊசி பையில் இருந்தது. அது இல்லாமல் அவள் எங்கும் போவதில்லை. ஈரத்துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு நாலு நாள் கையாலேயே தைத்தாள். மூன்று பட்டைகளையும் இணைத்து, ஓரத்தை மடித்து இரட்டைத் தையல் போட்டு, முழத்துக்கு ஒரு பித்தளை வளையம் அடித்தாள். மேற்கு வெயில் விழுகிற பக்கத்துக்கு மட்டும் உள்துணி மாதிரி இன்னொரு மடிப்பு. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து நூல் கோத்துக் கொடுத்தாள். சாத்தின ஜன்னல்களுக்குள் இரண்டு பேரும் பழையபடி பேசிக்கொண்டே இருந்தார்கள். பேங்க் மேனேஜர் கோட்டு சுருங்கிப்போய் அவர் மகனுக்குச் சரியாகிவிட்டதாம்.

டைல்ஸ்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து ஆறு இரும்புக் குழாய்களைச் சிமெண்டு போட்டு நட்டுக் கொடுத்தார். வலையைக் கட்டியபோது எங்கும் ஒரு சுருக்கம் இல்லை. தோளில் சரியாக உட்கார்ந்த கோட்டு மாதிரி இழுத்துக்கொண்டு நின்றது. அவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, "இந்த மாதிரி நான் பாத்ததில்லம்மா" என்றார். அண்ணி வேர்வையைத் துடைக்கிற சாக்கில் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

அதற்கடியில் வெண்டை, சுரை, காராமணி போட்டார்கள். அக்கா தன் விதைப் பெட்டியைத் தொடவில்லை. டைல்ஸ்காரர் கொடுத்த விதைகள்தான். எப்படிப் போட வேண்டும் என்று அவரிடமே கேட்டாள். கேட்பது முதல் நாள்தான் கஷ்டமாக இருந்தது.

மூன்று வாரம் என்று வந்த அண்ணி ஏழு வாரம் இருந்தாள். ஒவ்வொரு நாளும் எழுந்ததும், "இந்த ஊர்ல மனுஷன் இருப்பானா?" என்பாள். ஈரத்துண்டோடு பந்தலுக்கடியில் போய் எத்தனை இலை விட்டிருக்கிறது என்று எண்ணிவிட்டு வருவாள். வெண்டை பூத்த வாரத்தில் பழைய ஊரிலிருந்து போன் வந்தது. அங்கே முதல் குளிர் காற்று. கடை வாசலில் கோட்டோடு ஆட்கள் நின்று திரும்பிப் போகிறார்கள்.

"இருங்க அண்ணி, ஒரு வாரத்துல காய்க்கும்."

"நீ சாப்பிடு. படம் அனுப்பு. சாக்பீஸ் இல்லாம" என்றாள் அண்ணி. அதற்குப் பிறகு ரயிலில் ஏறுகிற வரைக்கும் அக்கா அவளைத் தங்கச் சொல்லவில்லை. அண்ணியும் அவளைத் திரும்பி வரச் சொல்லவில்லை.

வெண்டை நன்றாகவே காய்த்தது. சுரை இரண்டு பிஞ்சு விட்டு, அழுகி, மூன்றாவது நின்றது. காராமணியை அசுவினிப் பூச்சி உறிஞ்சித் தீர்த்தது. வெயில் தணிந்ததும் அக்கா விதைப் பெட்டியைத் திறந்தாள். பந்தலை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டுப் பட்டாணி போட்டாள். ஊரெல்லாம் மெல்லிய சட்டையோடு நடமாடுகிற அந்த இதமான மாதங்களில் பட்டாணி இடுப்பு உயரம் ஏறியது. முட்டைக்கோஸ் குவிந்து இறுகியது. அதே மாதங்களில் அண்ணிக்குத் தலைக்குமேல் கோட்டு வேலை. போனில் இரண்டு நிமிடம் பேசக்கூட நேரமில்லை.

அடுத்த வருடம் வெயில் ஏறி, மண் வெடித்து, ஒரு வேலையும் செய்ய முடியாமல் அக்கா ஜன்னலைச் சாத்திய வாரத்தில், அண்ணி கடையைச் சாத்திவிட்டு வந்து சேர்ந்தாள். அவளுக்கு ஓய்வு கிடைப்பது இந்த அடுப்பு மாதங்களில்தான். வேறு வழியில்லை. இந்த முறை தையல் மெஷினையும் கொண்டுவந்திருந்தாள். பந்தலைப் பற்றித் தெருவில் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். டைல்ஸ்காரர் வாசலுக்கு, மூன்றாம் வீட்டு மாட்டுக்கொட்டகைக்கு, முனைக் கடைக்கு என்று பந்தல் கேட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

"வேர்க்குது, வேர்க்குது" என்று சொல்லிக்கொண்டே அண்ணி மெஷினுக்கு எண்ணெய் விட்டாள். டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, வெயில் சாய்ந்ததும் இருவரும் அளவெடுக்கக் கிளம்பினார்கள். முனைக் கடையின் வாசல் கோணலாக இருந்தது. ஒரு பக்கம் பதினாலடி, மறுபக்கம் பன்னிரண்டரை.

"இதை எப்படி அண்ணி தைப்பீங்க?"

"தோள் சரிஞ்ச ஆளுக்குக் கோட்டைப் பிரிச்சுத் தைச்சதில்லையா?" என்ற அண்ணி, வாயில் ஊசியைக் கடித்துக்கொண்டு, அக்காவை டேப்பின் மறுமுனையைப் பிடிக்கச் சொல்லிக் கையைக் காட்டினாள்.